பட்டியலிலிருந்து என்னை நீக்கவும்

“உங்கள் மெயில் பெட்டி நிரம்பப் போகிறது. நிரம்பியபின் வரும் மெயில்கள் திருப்பி அனுப்பப்படும்.”

கம்ப்யூட்டர் திரையில் சிவப்பு எழுத்தில் இது வந்தபோது காலை மணி ஒன்பது நாற்பது. கலவைக்காரர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மற்ற நாளாக இருந்தால், திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும், தொல்லை விட்டது என்று இருந்திருப்பார். ஆனால் இன்று புதன்கிழமை. பட்டியல் வருகிற நாள்.

அவர் வேலை பார்ப்பது ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் நிறப் பிரிவில். கேட்ட நிறத்துக்குச் சாயம் கலந்து, அட்டையில் பூசி, காயவைத்து, சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. அந்தப் பெரிய அறையில் நேர் வெயில் விழாத ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். நிறத்தைப் பொய் சொல்லாமல் காட்டும் வெளிச்சம் அங்கேதான் உண்டு. அதன் அடியில் தலைமைக் கலவைக்காரரின் நாற்காலி. மற்ற எல்லாரும் கையில் ஈர அட்டையை ஏந்திக்கொண்டு அந்த நாற்காலிக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். தலைமைக் கலவைக்காரர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார்.

போன வாரம் மேலாளர் இவரைத் தனியாகக் கூப்பிட்டார். “புதன்கிழமை பட்டியல் வருது. மெயிலைப் பார்த்துக்கிட்டே இருங்க. ஏதாவது சொல்லணும்னா நாலு மணிக்குள்ள சொல்லிடணும்” என்றார். சொல்லிவிட்டுத் தோளில் மெதுவாக ஒரு தட்டும் தட்டினார். இதற்கு மேல் ஒரு மனிதர் எப்படித்தான் உடைத்துச் சொல்வார்?

பெட்டியில் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மெயில்கள் இருந்தன. இத்தனைக்கும் நிறப் பிரிவில் ஒரு கண்டிப்பு உண்டு. சாயங்காலம் மேஜைமேல் எதுவும் இருக்கக்கூடாது. பெயர் எழுதாத டப்பா எவருடையதாக இருந்தாலும் கழிவுத் தொட்டிக்குப் போகும். கலவைக்காரரின் மேஜையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். மெயில் பெட்டியோ குப்பை மேடு. மெத்தைக் கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, மூன்று நாள் போய் நின்றுபோன உடற்பயிற்சிக் கூடம். கல்யாணத்துக்கு முன்னால் பதிவு செய்த ஒரு திருமணத் தளம், பதினெட்டு வருடம் ஆகியும் விடாமல் ‘உங்களுக்கேற்ற மணமகள் காத்திருக்கிறார்’ என்று வாரம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தது.

ஒவ்வொன்றின் அடியிலும் ‘இந்தப் பட்டியலிலிருந்து விலக இங்கே அழுத்தவும்’ என்று இருந்தது. அழுத்தினார். நாற்பது நிமிடம் அழுத்தினார்.

மெத்தைக் கடை உடனே எழுதியது: ‘நீங்கள் விலகுவது எங்களுக்கு வருத்தமளிக்கிறது. காரணத்தைச் சொல்வீர்களா?’ மூக்குக்கண்ணாடிக் கடை, ‘விலகியதை உறுதி செய்ய இன்னொரு மெயில் அனுப்பியுள்ளோம்’ என்று ஒரு மெயில் அனுப்பியது. திருமணத் தளம், ‘வாழ்த்துகள்! பெண் கிடைத்துவிட்டதா?’ என்றது. எண்ணிப் பார்த்தால் பெட்டியில் ஒன்பதாயிரத்து நானூற்று எண்பது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

வேறு வழியில்லாமல் மச்சினனுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பிக்குக் கம்ப்யூட்டரில் தெரியாதது எதுவும் இல்லை என்பது அந்த வீட்டில் யாரும் மறுத்துப் பேச முடியாத விஷயம்.

“மாமா, இதுக்குப் போய் ஒண்ணொண்ணா அழுத்துவாங்களா? ஒரு ரூல் போட்டுடலாம். உங்க பாஸ்வேர்டைச் சொல்லுங்க.”

“ரூல்னா?”

“குப்பை மெயில் எல்லாத்துலயும் ‘பட்டியல்’னு ஒரு வார்த்தை வருதில்ல? அந்த வார்த்தை எதுல இருந்தாலும் உங்க பெட்டி தானாவே ‘என்னைப் பட்டியலிலிருந்து நீக்கவும்’னு பதில் போட்டுட்டு, மெயிலை அடியோட அழிச்சிடும். பயப்படட்டும்னு ‘மீண்டும் எழுதினால் நடவடிக்கை எடுக்கப்படும்’னும் சேர்த்திருக்கேன்.”

“நான் கம்ப்யூட்டரை அணைச்சுட்டா?”

“அணைச்சாலும் வேலை செய்யும் மாமா! மச்சான்னா சும்மாவா?”

அவன் அங்கிருந்து எதையோ தட்டினான். கலவைக்காரரின் கண்ணெதிரே எண்கள் சரிந்தன. ஐயாயிரம், ஆயிரம், எழுபது, பூஜ்யம். திரை வெள்ளை வெளேரென்று நின்றது. அவர் மனமும் அப்படியே ஆனது.

பிறகு காத்திருந்தார். பதினொன்றரைக்குப் பார்த்தார். பூஜ்யம். பன்னிரண்டரைக்குப் பார்த்தார். பூஜ்யம். ஒரு மணிக்கு மனைவி போன் செய்தாள்.

“பட்டியல் வந்துச்சா?”

“இன்னும் இல்லை. நீ யார்கிட்டயும் சொல்லிடாதே.”

“அக்காகிட்ட மட்டும்தான் சொன்னேன்” என்றாள் அவள். அக்காவிடம் சொன்னால் ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி. கலவைக்காரருக்கு வியர்த்தது.

மணி இரண்டு ஐம்பது. பக்கத்து மேஜைக்காரன் எட்டிப் பார்த்தான். தூரிகையால் பூசிச் சோதிக்கிற வேலை அவனுக்கு. அதனால் எல்லாருக்கும் அவன் பிரஷ். சேர்ந்து ஆறு வருடம்தான் ஆகிறது. ஒருநாள் மதியம் அவன் அந்த ஜன்னல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததைக் கலவைக்காரர் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அவனோடு சிரித்துப் பேசுவாரே தவிர, பல் மட்டும்தான் சிரிக்கும்.

“அண்ணே, உங்களுக்கு வந்துடுச்சா?”

“எது?”

“பட்டியல்தான். காலையிலேயே அனுப்பிட்டாங்களாம், பதினொண்ணே காலுக்கு. பேக்கிங்ல ஒருத்தருக்கு வந்துச்சு. படிச்சதும் வீட்டுக்குப் போன் பண்ண ஓடிட்டாராம்.”

கலவைக்காரரின் கை தானாக மவுஸை நகர்த்தியது. ‘அனுப்பியவை’ என்ற இடத்தைத் திறந்தார்.

மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். பணியாளர் பிரிவு, பணியாளர் பிரிவு, பணியாளர் பிரிவு. அந்தப் பெயர் தொடங்கும் இடம் வரை உருட்டிக்கொண்டு போனார். பதினொன்று பதினைந்துக்கு முதல் பதில். தலைப்பு: ‘பட்டியல்’. உள்ளே: ‘என்னைப் பட்டியலிலிருந்து நீக்கவும். மீண்டும் எழுதினால் நடவடிக்கை எடுக்கப்படும்.’

அதற்குப் பணியாளர் பிரிவின் பெட்டி, ‘பட்டியல் தொடர்பான தங்கள் மெயில் கிடைத்தது, நன்றி’ என்று தானாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அதிலும் ‘பட்டியல்’ இருந்ததே! இவர் பெட்டி மறுபடி நீக்கச் சொல்லியிருக்கிறது. அது மறுபடி நன்றி சொல்லியிருக்கிறது. நிமிடத்துக்கு ஒன்றாக, மூன்றரை மணி நேரமாக, இரண்டு பெட்டிகளும் இவரைக் கேட்காமலே பேசிக்கொண்டிருந்தன. இருநூற்றுப் பதினைந்து தடவை இவர் பதவி உயர்வு வேண்டாம் என்று மிரட்டியிருக்கிறார்.

“என்ன அண்ணே, முகம் வெளுத்துப்போச்சு?”

“ஒண்ணுமில்லை. நீ உன் வேலையைப் பாரு.”

‘தயவுசெய்து என்னை மீண்டும் பட்டியலில் சேர்க்கவும்’ என்று அடித்து அனுப்பினார். அடுத்த நிமிடமே அதன் தலைமேல் வந்து உட்கார்ந்தது, ‘என்னைப் பட்டியலிலிருந்து நீக்கவும்.’ இவர் சேர்க்கச் சொன்னார். பெட்டி நீக்கச் சொன்னது. இவர் கெஞ்சினார்; பெட்டி நடவடிக்கை எடுப்பேன் என்றது. கம்ப்யூட்டரை அணைத்தார். மச்சினன் பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வர, தலையில் அடித்துக்கொண்டு திரும்பப் போட்டார். எண்ணிக்கை நான்கு கூடியிருந்தது.

மச்சினனின் போன் அணைக்கப்பட்டிருந்தது. மனைவியைக் கூப்பிட்டார்.

“உன் தம்பி எங்கே?”

“பல் டாக்டர்கிட்ட. வாய் நிறையப் பஞ்சு வச்சிருக்காங்க, பேச முடியாது. பட்டியல் வந்துச்சா?”

“வந்துச்சு, போச்சு!” என்று கத்திவிட்டுப் போனை வைத்தார். பணியாளர் பிரிவுக்குப் போட்டார். எங்கேஜ்டு. மறுபடி போட்டார். எங்கேஜ்டு. மணி மூன்று முப்பத்தைந்து.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்ல முடியாது, கால் ஓடியது. முற்றத்தைக் கடந்து, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் மூன்று மாடி ஏறி, சாயம் ஒட்டிய நீல விரல்களோடு பணியாளர் பிரிவின் கதவைத் தள்ளினார்.

பணியாளர் பிரிவு மேடம் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். களைத்துப்போன முகம்.

“வாங்க. உங்க மெயிலைத்தான் காலையிலேர்ந்து படிச்சிட்டிருக்கேன். கவலைப்படாதீங்க. டைரக்டர்கிட்ட காட்டினேன், இவ்வளவு சொல்றாரே, விட்டுடுங்கன்னுட்டார். உங்க பேரை எடுத்தாச்சு.”

“ஐயோ, எடுத்தாச்சா?” கலவைக்காரர் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். “மேடம், அது நான் அனுப்பினது இல்லை. மெஷின் அனுப்பினது. நான் மனசறிஞ்சு அனுப்பினது, சேருங்கன்னு கேட்டதுதான்!”

“சேர்க்கணுமா?”

“ஆமாம் மேடம். என் பேர் அதுல இருக்கணும்.”

“இனிமே எப்படி? ஒரு பிரிவுக்கு ஒருத்தர்தான். உங்களை எடுத்ததும் அடுத்தவர் பேரைப் போட்டாச்சு.” குரலைத் தாழ்த்தினார். “உங்க பக்கத்து மேஜைதான். பிரஷ். அவருக்கு இப்பத்தான் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன்.”

கலவைக்காரருக்குத் தலை சுற்றியது. பிரஷ்! ஆறு வருடச் சர்வீஸ். நேற்று வந்தவன் ஜன்னலடியில் உட்கார, இவர் ஈர அட்டையோடு அவன் முன்னால் வரிசையில் நிற்பதா? உடம்பெல்லாம் எரிந்தது.

“அவனா? கூடவே கூடாது மேடம். நான் இருக்கிறப்போ அவன் பேர் எப்படி வரலாம்? அவனை எடுத்துட்டு என்னைப் போடுங்க!”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

“அவருக்கு ரெண்டு சின்னக் குழந்தைங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும் மேடம். அதுக்கென்ன இப்போ? என் முடிவு மாறாது.”

“வீட்டுல ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“வீட்டுல காலையிலேர்ந்து இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. சொன்னா துள்ளிக் குதிப்பாங்க!”

“எப்படிப்பட்ட குடும்பம்!” என்று மேடம் தனக்குள் சொல்லிக்கொண்டார். ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். “அப்போ உங்க கைப்பட எழுதிக் கொடுங்க. நாலு மணிக்குள்ள கையெழுத்து வேணும்.”

மணி மூன்று ஐம்பத்தொன்று. கலவைக்காரர் எழுதினார். பிரஷ்ஷின் பெயரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் தன் பெயரைச் சேர்க்குமாறும், இதில் எவருடைய வற்புறுத்தலும் இல்லை என்றும், பின்னால் மனம் மாறமாட்டேன் என்றும் எழுதினார். இனி எந்த மெயில் வந்தாலும் இதுவே இறுதி என்று கடைசியில் ஒரு வரி சேர்த்து, அதன் கீழ் இரண்டு கோடும் போட்டார். அவசரத்தில் கையெழுத்து கொஞ்சம் கோணியது.

மேடம் முத்திரை குத்தினார். மணி மூன்று ஐம்பத்தேழு. மேடம் எழுந்து நின்றார்.

“பதினஞ்சு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். உங்களை மாதிரி ஒருத்தரைப் பார்த்ததில்லை” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

பதவி வந்தால் மரியாதை தானாக வருகிறது என்று கலவைக்காரர் நினைத்துக்கொண்டார். இந்தப் பதினைந்து வருடத்தில் இந்த அம்மாள் இவருக்காக நாற்காலியை விட்டு எழுந்தது இதுதான் முதல் முறை.

படியிறங்கும்போதே மனைவிக்குப் போன் செய்தார்.

“முடிஞ்சது! என் கையாலேயே எழுதிக் கொடுத்து வாங்கிட்டேன்!”

“நெஜமாவா? இருங்க, அக்காகிட்ட சொல்றேன்!”

செய்தி அவருக்கு முன்னாலேயே கீழே இறங்கியிருந்தது. முற்றத்தில் பேக்கிங் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். கிடங்குக் காவலாளி தொப்பியைக் கழற்றினார். நிறப் பிரிவில் நுழைந்ததும், ஓய்வு பெறப்போகிற தலைமைக் கலவைக்காரரே ஜன்னலடியிலிருந்து எழுந்து, “இங்க வந்து உட்காருப்பா” என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். கலவைக்காரர் உட்கார்ந்தார். அந்த வெளிச்சத்தில் அவருடைய நீல விரல்கள்கூட அழகாகத் தெரிந்தன.

வாசலில் பிரஷ் நின்றுகொண்டிருந்தான். கண்கள் சிவந்திருந்தன, உதடு துடித்தது. பாவம், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை வேண்டும் என்று கலவைக்காரர் அவனுக்குச் சொல்ல ஆறுதலாக நாலு வார்த்தை யோசித்து வைத்தார். “தம்பி, மனசை விட்டுடாதே...” என்று ஆரம்பிக்கவும் செய்தார்.

அவன் பாய்ந்து வந்து இவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

“அண்ணே! வேலையை விட்டு அனுப்புற பட்டியல்ல என் பேரை அடிக்கச் சொல்லிட்டு, உங்க பேரை எழுதிக் கொடுத்தீங்களாமே... என் பிள்ளைங்களுக்கு இனிமே நீங்கதான் பெரியப்பா!”