தேன்மொழியின் பல்லும் நான் பிடுங்கிய மைக்கும்

பிள்ளையின் பல்லில் கறை தெரிந்தால் அப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாயிரங்களின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் குடியிருந்தோம். கணவருக்கு சிப்காட்டில் ஓர் இரும்பாலையில் ஷிப்ட் வேலை. மகள் தேன்மொழி மூன்றாம் வகுப்பு. பால்பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைத்தபோதே முன்பற்களில் பழுப்புத் திட்டும் சிறு குழிகளும் இருந்தன. நான் பி.எஸ்ஸி. படித்தவள். (அது எதற்கும் உதவியதில்லை.) சாக்லேட்டை அடியோடு நிறுத்தினேன். அவள் பல் தேய்க்கும்போது பக்கத்தில் நின்று நூறு வரை எண்ணினேன். அதுவும் போதாதோ என்று, வாரப் பத்திரிகையில் படித்துவிட்டு, அரிசியிலிருந்து கோதுமைக்கு மாற்றினேன். காலையில் கோதுமை ரவை உப்புமா, மதியம் சப்பாத்தி, மாலையில் ரஸ்க். குழந்தைக்கு வயிறு உப்பியது, அடிக்கடி பேதியானது, வகுப்பிலேயே குள்ளமாக நின்றாள். சத்து பத்தவில்லை என்று இன்னொரு சப்பாத்தி வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளியில் பல் மருத்துவ முகாம் போட்டார்கள். பெற்றோரும் வர வேண்டுமாம். பெரிய டாக்டர் ஒரு கையில் மைக், மறு கையில் தேன்மொழியின் தாடை. அவள் முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

"பாருங்கம்மா, செல்லம்னு சாக்லேட்டா வாங்கிக் குடுத்தா பல்லு இப்டித்தான் ஆவும். இந்தப் பாப்பாவோட அம்மா யாரு? எழுந்திருங்க!"

எழுந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஊட்ல இன்னாதான் பண்ணிக்கினு கீதோ இந்தம்மா."

தேன்மொழி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. நேரே போய் மைக்கைப் பிடுங்கினேன். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து தூக்கிக் காட்டினேன்.

"சாக்லேட்டா? கண்ணைத் தொறந்து பாருங்க சார்! சப்பாத்தி! காலையில கோதுமை உப்புமா! ராத்திரிக்கு கோதுமைக் கஞ்சி! எங்க சார் இருக்கு சாக்லேட்டு?"

(ஆந்திர எல்லையிலிருக்கும் ஆரம்பாக்கம் வரை கேட்டிருக்கும்.)

கூட வந்திருந்த இளம் பெண் டாக்டர் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார். "அக்கா, பாப்பாவுக்கு அடிக்கடி வயித்தால போவுதா? வாய்ப்புண் வருமா?"

"பல்லைப் பாக்க வந்தா பல்லைப் பாரும்மா! வயித்தை எதுக்குக் கேக்குற?"

இதையும் மைக்கில்தான் சொன்னேன்.

அவர் நான் ஓயும் வரை காத்திருந்து ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். "பல்லுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி திட்டு இருக்குது, சாக்லேட்டால வந்தா இப்டி வராது. சென்னையில கொழந்தைங்க வயித்து டாக்டர்கிட்ட காட்டுங்க. டெஸ்ட் எடுக்கிற வரைக்கும் கோதுமையை நிறுத்தாதீங்க, நிறுத்தினா டெஸ்ட்ல தெரியாது."

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது கணவர் கேட்டது ஒன்றுதான். "ஏன்டி, டாக்டருங்க உயிரோட போனாங்களா?"

ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி எல்லாம் முடிந்து பெயர் சொன்னார்கள்: சீலியாக் நோய். பிஸ்கட், ரொட்டி என்று சின்னதிலிருந்தே அவள் தின்ற கோதுமையிலுள்ள குளூட்டன் குடலைக் கெடுத்து, ஈறுக்குள் பல் உருவாகும்போதே அதன் எனாமலையும் கெடுத்திருக்கிறது. அதாவது, என் மேல் தப்பில்லை என்று நான் ஊரறியத் தூக்கிக் காட்டியதுதான் அவளுக்கு விஷம். நான் வாயடைத்து அனுப்பிய பெண்தான், அங்கே கேட்க வேண்டியதைக் கேட்ட ஒரே ஆள்.

தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்கக்கா, இப்ப சோறு சாப்புடுறாளா?" என்றார். சாப்பிட்டாள். வளர்ந்தாள். கெட்ட எனாமல் மட்டும் திரும்ப வராது என்றார்கள். முன்பற்களைப் பூசிச் சரிசெய்தும் ஓரத்தில் பழுப்பு தெரிகிறது. குழந்தையின் தாடையைப் பிடித்துத் திருப்பிய அந்தப் பெரிய டாக்டர் மேல் என் கோபம் ஆறவில்லை. என் மேலுள்ளதும்தான்.

போன வருடம் தேன்மொழிக்கு நிச்சயதார்த்தம். போட்டோ எடுக்க வந்தவர், "சிஸ்டர், கொஞ்சம் வாயை மூடிச் சிரிங்க" என்றார்.

அவள் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள். "அண்ணா, மெதுவா சொல்லுங்க. எங்கம்மா காதுல வுழுந்துச்சுன்னா கேமராவைப் புடுங்கிக்குவாங்க."

நான் அதற்குள் பாதி தூரம் வந்திருந்தேன்.