மரப்பேனுக்குப் பெயர் வைத்தவர்

பெயர் பைத்தியம் பிடித்தவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். பூங்கா பெஞ்சில் ஆணியால் கீறுகிறவர், நன்கொடையாகக் கொடுத்த மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் தன் பெயரை எழுதிவிட்டுக் காற்று வருகிறதா என்றுகூடப் பார்க்காதவர், இவர்களெல்லாம் சில்லறை ஆசாமிகள். இப்போது நான் காட்டப்போகிறவர் மொத்த வியாபாரி. உலகம் உள்ளவரை ஒரு ஜீவராசியின் முதுகில் தன் பெயர் ஒட்டியிருக்க வேண்டும் என்பதற்காகக் குகைக்குள் வயிற்றால் தவழ்ந்து போகிற இனம்.

நம் ஆள் விலங்கியல் பேராசிரியர். தெருவில் அவருக்கு நண்டுக்காரர் என்று பெயர். பூந்தொட்டியை நகர்த்தினால் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில், நிறையக் கால்களோடு ஒன்று தலைதெறிக்க ஓடுமே, மரப்பேன், அதை யாராவது பூச்சி என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

"பூச்சி இல்ல. நண்டுக்குச் சொந்தம்."

குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவரிடம் சொல்லியிருக்கிறார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே சொல்லியிருக்கிறார். துக்கம் கேட்கப் போன வீட்டில் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களுக்கு மரப்பேன் மீது மரியாதை கூடவில்லை. நண்டு மீது இருந்த மரியாதைதான் குறைந்தது.

அதிலும் குகை மரப்பேன் என்றால் அவருக்கு உயிர். அதற்குக் கண் கிடையாது, நிறம் கிடையாது, வௌவால் எச்சத்தைத் தின்றுகொண்டு இருட்டில் காலம் தள்ளுகிறது. மனிதர்களில் அப்படி ஒருவர் இருந்தால் இவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். மரப்பேனையோ சேற்றில் புரண்டு பிடித்து, சாராயக் குப்பியில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் நுண்ணோக்கியை வைத்து, கால் காலாகக் கழற்றி, ரோமம் ரோமமாக எண்ணிப் பக்கம் பக்கமாக வர்ணிப்பார். அவர் மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள்.

இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. அதை அவர் வீட்டில் ஓதாத நாளில்லை. ஒரே பிராணிக்கு இரண்டு தடவை பெயர் வைத்துவிட்டால் முன்னால் வைத்த பெயர்தான் நிற்கும், பின்னால் வைத்தது செத்த பெயர். எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு. தான் கண்டுபிடித்ததற்குத் தன் பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்தால் மானம் போய்விடும். வைத்தவர் யார் என்பது பிராணியின் பெயருக்குப் பின்னால் வரும், வாஸ்தவம்தான். ஆனால் அது வாசலில் செருப்போடு நிற்கிற மாதிரி. உள்ளே போய் உட்கார வேண்டுமென்றால் இன்னொருவர் அழைக்க வேண்டும்.

அதற்கு என்ன செய்தார் தெரியுமா? பெண்ணைக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று விசாரித்ததைவிட, மாப்பிள்ளையின் அப்பாவுக்கு என்ன பிராணி என்று விசாரித்ததுதான் அதிகம். நத்தை. மனிதர் நத்தையில் பெரிய நிபுணர்.

"நான் என் மரப்பேனுக்கு உங்க பேர வைக்கிறேன் சம்பந்தி. நீங்க உங்க நத்தைக்கு என் பேர வச்சிருங்க."

"அதுக்கென்ன, தாராளமா. முதல்ல உங்களோடது அச்சுல வரட்டும்."

வந்தது. புதுக் குகை, புது இனம், சம்பந்தி பெயர். கட்டுரையில் பாதிக்கு மேல் மற்றவர்கள் கண்டுபிடித்த மரப்பேன்களோடு ஒப்பிட்டு, அவர்கள் எங்கெங்கே தப்பாக எண்ணினார்கள் என்று குத்திக் காட்டியிருந்தார். தான் கண்டுபிடித்தவற்றோடு மட்டும் ஒப்பிடவில்லை. தன் சரக்கைத் தனக்குத் தெரியாதா என்ன?

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார், பையில் நத்தைக் கட்டுரையோடு. மறுநாள் அனுப்பவேண்டியதுதான் பாக்கி. நண்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. சம்பந்தி நுண்ணோக்கியில் தன் பெயர் தாங்கியை ஆசை தீரப் பார்த்துவிட்டு, காபி கொண்டுவந்த அம்மாளுக்கு இடம்விட்டு எழுந்தார்.

"நீங்களும் பாருங்க சம்பந்தியம்மா."

அந்த வீட்டில் அந்த நுண்ணோக்கியில் அவளைப் பார்க்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவள் குனிந்து பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"இது நான்தானே?"

"என்னது?" என்றார் கணவர்.

"முதுகுல முத்து முத்தா மேடு, வால் நுனியில வெட்டு. கல்யாணமான புதுசுல கண்டுபுடிச்சு என் பேர வச்சீங்களே. படம் சட்டம் போட்டு ஹால்ல மாட்டியிருந்துச்சு. தினம் துடைச்சது நான்தானே, எனக்குத் தெரியாதா? உங்க சான்றிதழ் மாட்ட இடம் வேணும்னு நீங்கதான் கழட்டிப் பரண்ல போட்டீங்க."

ஏறி எடுத்துக்கொண்டும் வந்துவிட்டாள். முந்தானையால் தூசியைத் துடைத்து மேஜையில் வைத்தாள். சம்பந்தி படத்தைப் பார்த்தார், நுண்ணோக்கியில் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். மேடுக்கு மேடு, வெட்டுக்கு வெட்டு. அடியில் அவள் பெயர்.

"அது மலைக்கு அந்தப் பக்கத்துக் குகை. இது இந்தப் பக்கம்," என்றார் நண்டுக்காரர்.

"மலைக்குள்ள அதுங்க சுவர் கட்டி வச்சிருக்குதா சம்பந்தி?"

நத்தைக் கட்டுரை பைக்குள் போனது. "நத்தைக்குப் பேரனோட பேர வைக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கும் பேரன்தானே," என்று சொல்லிவிட்டு, காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

வாசல்கதவு சாத்தியதும் நண்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "இந்தா, சம்பந்தி தன் பேருக்காகவாவது வாயத் திறக்கமாட்டார். நீயா வெளிய சொல்லாத வரைக்கும் வேற யாருக்கும் தெரியாது. பிறகு சமாதானமாப் பேசி நத்தைய வாங்கிடலாம்."

"முன்னாடி வச்ச பேருதாங்க நிக்கும்," என்றாள் அவள். "நீங்க சொன்னதுதான்."

எனக்கு இந்த இடத்தில் அவர்மேல் துளிகூட இரக்கம் வரவில்லை. மரப்பேனின் ரோமத்தை எண்ணத் தெரிந்தவருக்கு, ஒரு காலத்தில் ஒரு பெண்மேல் இருந்த பிரியத்தில் அதற்குப் பெயர் வைத்தோம் என்பது மறந்துவிட்டதே. இப்போது சான்றிதழ் பரணில். படம் மறுபடி ஹாலில். நுண்ணோக்கி ஜன்னலோரம் போய்விட்டது. அவள் மேஜையில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்தபடி சாப்பிடுகிறாள். எதிரே அவர் உட்கார்ந்து, தன் கண்டுபிடிப்பு செத்தது என்று தானே அறிவிக்கவேண்டிய கட்டுரையை இன்னும் எழுதாமல் இருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கும் மரப்பேனுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்கள். சரி, உங்கள் பெயர் எங்கெங்கே பொறித்திருக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வீர்கள். வீட்டில் இருப்பவளுக்கு, கல்யாணமான புதிதில், நீங்கள் ஆசையாக வைத்துக் கூப்பிட்ட பெயர் என்ன?

யோசிக்கிறீர்கள், பாருங்கள்.