முந்நூற்றெண்பது பாசிப்பச்சைக் கோட்டுகள்

இல்லை, எரிக்கவில்லை. அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை, மதிப்புக்குரிய நேலிதா அத்தை. முந்நூற்றெண்பது கோட்டுகளும் கடையில் பத்திரமாக இருக்கின்றன. மிகவும் பத்திரமாக. யாரும் தொடுவதில்லை.

உங்கள் கணுக்கால் தேறி, நெகோச்சேயா கடற்கரை மணலில் பெரியத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம். இந்த வாக்கியம் இல்லாமல் கடிதம் தொடங்குவது முறையல்ல என்பதால் எழுதினேன்.

ஏன் தொலைபேசியில் சொல்லவில்லை? நேற்று "அங்க என்னதான்டி நடக்குது?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் "எல்லாத்தையும் எரிச்சிட்டியா?" என்று நீங்களே பதில் சொன்னீர்கள். நீங்களே கோபப்பட்டீர்கள். நீங்களே வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

முதலிலிருந்து வருகிறேன். டிசம்பரில், கால் மாவுக்கட்டில் கிடக்க, நீங்கள் சொன்னது: "இந்தக் குளிர்காலம் கை கொடுக்கலன்னா கடைய மூடிடுவேன். ஒஸ்காரும் பாவம், இந்த வயசுல எங்க போய் வேலை தேடுவான்?" அப்படிச் சொல்லிவிட்டு மிலானுக்கு என்னை அனுப்பினீர்கள். தத்துவம் படித்தவளை. இருபத்திரண்டு ஜனவரிகளாக நீங்கள்தான் போனீர்கள். அங்கே பெண்கள் உடுத்துவதைப் பார்த்து வந்து, பிப்ரவரியில் வெட்டி, ஏப்ரலில் விற்பீர்கள். அங்கே குளிர் முடியும்போது இங்கே தொடங்கும். பூமி சாய்ந்து சுற்றுவதால் பிழைக்கும் தொழில்.

விமான நிலையத்தில் நீங்கள் தந்த பயிற்சி ஒரே வாக்கியம். "நல்லா பாத்துட்டு வா."

பார்த்தேன். ஒன்பது நாள். கண்ணாடி ஜன்னல் ஒன்றைக்கூட விடவில்லை. எல்லா ஜன்னலிலும் ஒரே கோட்டு. முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீளம், அலமாரியைப் போல் அகன்ற தோள், குளத்தங்கரைப் பாசியின் பச்சை. தெருவில் நடந்த பெண்கள் எல்லோரும் கறுப்பு. அதையும் கவனித்தேன். நோட்டில் எழுதினேன்: "தெரு, முடிந்துபோன காலம். ஜன்னல், வரப்போகும் காலம்." அடிக்கோடும் போட்டேன். பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் இருந்தவளால் மட்டுமே இவ்வளவு அழகாக முட்டாளாக முடியும்.

நான் எடுத்து வந்த படங்களைப் பார்த்ததும் கட்டிங் மாஸ்டர் ஒஸ்கார் மாத்தே தேநீர் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார். "இந்தக் கலர்ல நான் பஸ் சீட்டுக்குக்கூட உறை தைச்சதில்ல பாப்பா" என்றார். நான் தெருவையும் ஜன்னலையும் பற்றி அவருக்கு விளக்கினேன். அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் சோபாவிலிருந்து சொன்னீர்கள், "படிச்ச பொண்ணு சொல்றா, வெட்டு." இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. நினைவூட்டலாக எழுதுகிறேன்.

ஏப்ரல் வந்தது, குளிர் வரவில்லை. நம் கடைத்தெரு அவெஷனேதா முழுக்கப் பெண்கள் செருப்பும் கையில்லாச் சட்டையுமாக நடக்கிறார்கள், நம் ஜன்னல் பொம்மை மட்டும் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு வெந்துகொண்டிருக்கிறது. சனிக்கிழமை காலை, மாகாணங்களிலிருந்து மொத்தமாகக் கொள்முதல் செய்ய வரும் பேருந்துகள் வந்து நின்றன. சாந்தியாகோ தெல் எஸ்தெரோவிலிருந்து உங்கள் பழைய வாடிக்கை கிளாதிஸ், ஆள் நுழையக்கூடிய இரண்டு பைகளோடு இறங்கினார். கோட்டைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இத மாட்டிக்கணுமா, இதுமேல உக்காரணுமா?"

"இது மிலான்ல இருந்து வந்த கலர்ங்க."

"அங்கயே விட்டுட்டு வந்திருக்கலாமே, சுமை மிச்சம். கறுப்பு இருக்கா?"

"இந்தக் குளிர்காலத்துல கறுப்பு இல்லைங்க."

"யாருக்கு இல்ல?"

கிளாதிஸ் எதிர்க்கடைக்குப் போனார். அவருக்குப் பின்னால் வந்த பதினோரு பேரும் அதே இரண்டு சொற்களைக் கேட்டுவிட்டு அதே எதிர்க்கடைக்குப் போனார்கள். எதிர்க்கடை சோய் அக்கா தொங்கவிட்டிருப்பது கறுப்புக் கோட்டு. போன வருடத்தின் அதே கறுப்பு. வருங்காலத்தைப் பற்றி அவருக்கு எந்தக் கருத்தும் இல்லை. விற்றுக்கொண்டே இருந்தார்.

பிழை கோட்டில் இல்லை, அதைக் காட்டும் முகத்தில்தான் என்று ஒரு மகளிர் பத்திரிகை எனக்குக் கற்றுத் தந்தது. "இக்குளிர்காலத்தின் முகம்" என்று நான்கு பக்கம். புருவத்தை நிறமிழக்கச் செய்ய வேண்டுமாம். உதட்டுக்குக் கத்தரிக்காய்த் தோலின் நிறம். கூந்தல் இப்போதுதான் மழையில் நனைந்தது போல. கன்னத்தில் எதுவுமே கூடாது, இரத்தம் உட்பட. சுருக்கமாக, மூன்று நாள் காய்ச்சலில் எழுந்து வந்தவள். ஒவ்வொரு தோற்றத்துக்கும் "சிரமமற்ற அழகு" என்று தலைப்பு. சிரமமின்மைக்கு ஒன்றரை மணி நேரமும் ஆறு புட்டிகளும் ஆகும். விற்பனைக்கு நிற்கும் சுலேமாவைக் கேட்டேன். அவள் சம்மதித்தாள். அந்தப் பெண்ணுக்கு என்மேல் ஏன் இவ்வளவு நம்பிக்கை என்று தெரியவில்லை, அத்தை. புருவம் போனதும் அவள் முகத்தில் ஓயாத ஆச்சரியம் குடியேறிவிட்டது. யார் என்ன விலை கேட்டாலும் "அப்படியா!" என்பது போல் பார்க்கிறாள். வந்த பெண்கள் கோட்டை மறந்துவிட்டு, "வீட்டுல ஏதாச்சும் துக்கமாம்மா?" என்று அவள் கையைப் பிடிக்கிறார்கள். ஒரு அம்மா மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார். அன்று கடையில் கைமாறிய ஒரே பொருள் அதுதான்.

"அக்கா, புருவம் திரும்ப முளைக்குமா?" என்று கேட்டாள் சுலேமா.

"அடுத்த சீசனுக்குள்ள" என்றேன்.

செவ்வாய்க்கிழமை சோய் அக்காவே வந்தார். உங்களோடு பதினைந்து வருடம் போட்டி போட்டவர். ஜன்னல் பொம்மைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார், மௌன அஞ்சலி போல.

"நானும் உங்க அத்தையும் எப்பவும் ஒரே பிளைட்லதான் போவோம். அங்க ஒரே தெருவுலதான் சுத்துவோம். பாத்தாலும் பாக்காத மாதிரி" என்றார். "நீ என்னம்மா பண்ண?"

"ஜன்னல் எல்லாம் படம் எடுத்தேன்."

"ஜனவரியிலயா?"

"ஆமா."

உட்கார்ந்துவிட்டார். "அட பைத்தியமே. ஜனவரி அங்க தள்ளுபடி மாசம். ஜன்னல்ல நின்னதெல்லாம் விக்காம நின்னது. எவளும் வேணாம்னதத்தான் முன்னாடி தள்ளி வைப்பான். உங்க அத்தை ஜன்னல் பக்கம் திரும்பவே மாட்டாங்க. உள்ள போய்க் காலி ஹேங்கர எண்ணுவாங்க. எந்த வரிசை காலியோ, அதத்தான் வெட்டுவாங்க."

ஜன்னலில் சிவப்பு எழுத்தில் பெரிதாக எழுதியிருந்ததெல்லாம் தள்ளுபடி அறிவிப்புதான். நானும் படித்தேன். விலையைப் பற்றிய செய்தி என்று ஒதுக்கிவிட்டேன்.

ஆக, ஓர் ஊரே சேர்ந்து நிராகரித்த ஒரே கோட்டை, ஒன்பது நாள் கவனமாகத் தேடி, அளவெடுத்து, கடல் தாண்டிக் கொண்டு வந்திருக்கிறேன். உங்கள் இருபத்திரண்டு வருடத்தை ஒன்பது நாளில் முடித்துவிட்டேன். காலி ஹேங்கர் என்று இரண்டு சொல் நீங்கள் சொல்லியிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள் என்பதும் தெரிகிறது. கேட்கவில்லை.

ஒஸ்காரிடம் ஒரு யோசனை இருக்கிறது. மொத்தத்தையும் சாயப்பட்டறைக்கு அனுப்பிக் கறுப்பாக்கிவிடலாம் என்கிறார். "கறுப்புல முக்கினா எல்லாப் பாவமும் மறைஞ்சிடும் பாப்பா." மறுத்துவிட்டேன். கறுப்பு, யோசிக்க விரும்பாதவர்களின் நிறம். ஊர் முழுக்க ஒரே கறுப்பில் நடப்பதற்கு எதற்கு ஆயிரம் கடை? தவறே ஆனாலும் இது என்னுடைய தவறு, அதற்கென்று ஒரு நிறம் இருக்கிறது, அதைத் தோய்த்து அழிக்க நான் உயிரோடு இருக்கும்வரை சம்மதிக்க மாட்டேன். வெள்ளிக்கிழமையோடு கடையிலிருந்து விலகுகிறேன். பாதியில் நிற்கும் ஆய்வேட்டை முடிக்கப் போகிறேன். கடையை மூடும் ஏற்பாடுகளை நீங்கள் தொடங்கலாம். ஒஸ்காரிடம் நானே சொல்லிவிட்டேன்.

பெரியத்தைக்கு என் வணக்கம். லுஹான் மாதா உங்கள் கணுக்காலையும், இதைப் படித்து முடிக்கும்வரை உங்கள் இரத்த அழுத்தத்தையும் காப்பாற்றட்டும்.

என்றும் பணிவுடன்,
உங்கள் அண்ணன் மகள் யாமிலா

பின்குறிப்பு: புதன்கிழமை இந்தக் கடிதத்தைப் பேருந்து பார்சலில் போடக் கிளம்பினேன். வாசலில் ஒஸ்கார் வண்டியில் கோட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். இதுவரை என்னிடம் குரல் உயர்த்தாத மனிதர், கையில் கடைசிக் கட்டோடு நின்று, "நீ வெள்ளிக்கிழமை போயிடுவ பாப்பா. நான் எங்க போக?" என்றார். நான் சாயப்பட்டறைக்குப் போகவில்லை. வண்டியில் உட்கார்ந்திருந்தேன், வண்டி போனது. அங்கே இருவருமாகத் தோள் பஞ்சு முழுவதையும் பிடுங்கினோம். நான்கு மூட்டை. கோட்டு கறுத்தது. லைனிங் செயற்கை நூல், சாயம் ஏறவில்லை. வெளியே கறுப்பு, உள்ளே பாசிப்பச்சை. முடிந்தது கதை என்று நினைத்தேன். சனிக்கிழமை கிளாதிஸ் வந்து, ஒன்றைப் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன் ஒரு சுற்றுச் சுற்றினார். பச்சை எட்டிப் பார்த்தது.

"இது வேணும்னே வச்சதா?"

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சுலேமா முந்திக்கொண்டாள். "பின்ன?" என்றாள். புருவம் இல்லாத அந்த முகத்தில் பொய் எங்கே இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு பையும் நிறையக் கொண்டுபோனார் கிளாதிஸ். பேருந்தில் அவரோடு வந்தவர்களும். விலகல் கடிதமாகிய மேற்பகுதியைப் படிக்க வேண்டாம். கடையை மூட வேண்டாம்.

ஒரே ஒரு சங்கதி. சாயத்தொட்டியின் சூட்டில், நேற்று விற்றவை உட்பட, எல்லாக் கோட்டும் ஒரு அளவு சுருங்கிவிட்டது. இன்று ஞாயிறு, கடைக்கு விடுமுறை. மிச்சமுள்ள இருநூற்றுப் பத்துக் கோட்டுகளின் சைஸ் லேபிளைப் பிரித்து, ஒரு எண் குறைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.