ஷெவெலை ஏற்றிப்போக டிரெய்லரோடு வரவும்

கிராண்டன், ஒஹாயோ
ஜூன் 12, வியாழன்

பெருமதிப்பிற்குரிய அண்ணன் ரோலண்ட் அவர்களுக்குத் தம்பி டெல்பர்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி மார்லீனும் நலம். என் முட்டி மட்டும் நலமில்லை, காரணம் கீழே வரும். ஃபுளோரிடாவில் தாங்களும் அண்ணியும் நலமாகத்தான் இருப்பீர்கள். தாங்கள் அங்கே தூண்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், காருக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஜூலை இரண்டாம் ஞாயிறு நம் குடும்பக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பிக்கப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு வாருங்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் உங்களுடைய 1970 மாடல் ஷெவெல் காரை என் கராஜில் விட்டுவிட்டுத் தெற்கே போனீர்கள். முதல் கோடையிலேயே பெயிண்ட் அடித்துவிடுகிறேன் என்று நான் சொன்னது உண்மை. அடிக்காததும் உண்மை. அதற்காகப் போன வருஷக் கூட்டத்தில், பூங்காவில், தட்டு நிறைய உருளைக்கிழங்கு சாலட்டை வைத்துக்கொண்டு, சித்தப்பா பிள்ளைகள் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "அடுத்த வருஷமும் இது இப்படிச் செங்கல் கலர்லயே நின்னுச்சுன்னா நான் ஏத்திட்டுப் போயிடுவேன் டெல்" என்று சொல்லியிருக்க வேண்டாம். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த வண்டி போய்விட்டால் கராஜில் புல் வெட்டும் எந்திரமும் நானும்தான் மிச்சம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஊரில் யாராவது என்னை நிறுத்திப் பேசுகிறார்கள் என்றால் அந்த வண்டியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான்.

பெயிண்ட் எனக்குப் புதிதா? இருபத்தெட்டு வருஷம் கவுண்டி சாலைத் துறையில் மஞ்சள் கோடு போட்டவன் நான். நீங்கள் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி நம் ஊருக்குத் திரும்பும்போது நடுக்கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கிறதே, அது நான் போட்டது. நீங்கள் டொலீடோவில் நாற்பது வருஷம் காருக்கு அடித்தீர்கள், நான் சாலைக்கு அடித்தேன், கார் சாலையைவிடச் சின்னது என்று கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கை மார்லீனிடம் சொன்னபோது அவள் கராஜில் காயப்போட்டிருந்த துணியையெல்லாம் எடுத்துக்கொண்டு போனாள்.

மே மாதம் முழுக்க உப்புத்தாளும் கையுமாக இருந்தேன். பம்பரைக் கழற்றினேன், விளக்கைக் கழற்றினேன், பட்டி பார்த்தேன், தேய்த்தேன், தேய்த்ததை மறுபடி தேய்த்தேன். கதவின் அடிப்பாகத்தைத் தேய்க்க மூன்று வாரம் சிமெண்ட் தரையில் மண்டி போட்டதில் முட்டி போயிற்று. வண்டி மழமழவென்று வந்துவிட்டது. பிரைமர் அடித்து, அதையும் தேய்த்து, ஜூன் ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை கருஞ்சிவப்பில் முதல் கோட் அடித்தேன். அடித்த கை இறங்கவில்லை, பானெட் முழுக்கப் பெயிண்ட் குழி குழியாகத் திறந்துகொண்டது. வாசலில் மடக்கு நாற்காலியைப் போட்டு பீரோடு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ஹோமர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான்.

"டெல், உன் வண்டிக்கு அம்மை போட்டிருக்கு."

"கலர் செட்டாகுது. காய்ஞ்சா சரியாயிடும்."

"எனக்குக்கூட சின்ன வயசுல அப்படித்தான் சொன்னாங்க" என்று கன்னத்தைத் தடவிக் காட்டினான்.

உங்கள் தொழிலில் இதற்கு மீன்கண் என்று பெயராம், பெயிண்ட் கடையில் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. பழைய கலரில் மெழுகு இருந்தால் வருமாம். "வண்டிக்கு எப்பவாவது மெழுகு போட்டீங்களா?" என்று கேட்டான் கடைக்காரன். அண்ணே, நான் என்ன சொல்ல? பதினோரு வருஷம், மழையோ பனியோ, சனிக்கிழமை தவறாமல் அந்த வண்டிக்குக் கையால் மெழுகு போட்டிருக்கிறேன். செங்கல் கலர் என்று ஊர் சிரிக்கிறதே, தேய்த்தால் பளபளப்பு திரும்ப வரும் என்று ஒரு டப்பா தீர்ந்ததும் அடுத்த டப்பா வாங்கி அப்பியிருக்கிறேன். கடைக்காரன் கண்ணை மூடிக்கொண்டான். மெழுகைத் துடைத்துவிட்டுத்தான் உப்புத்தாளைத் தொட வேண்டுமாம். நான் தொட்டுவிட்டுத் துடைத்தேன். பதினோரு வருஷ மெழுகை என் கையாலேயே தகரத்துக்குள் தேய்த்து ஏற்றியிருக்கிறேன். வேண்டாத வண்டியாக மழையில் போட்டிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது.

இதற்கு மேல் 'நீங்கள்' என்று எழுத எனக்குப் பொறுமையில்லை, 'நீ' என்றே எழுதுகிறேன், மன்னிக்கவும். நாற்பது வருஷம் தொழில் பார்த்தவன் இந்த ஒரு வார்த்தையை எனக்குச் சொல்லியிருக்கலாமா கூடாதா? நான் கேட்கவில்லை என்பாய். கேட்டால் கூட்டத்தில் அதையும் சொல்லிச் சிரிப்பாயே, எப்படிக் கேட்பேன்?

சனிக்கிழமை காலையில் அத்தனையும் மறுபடி தேய்த்து, கடைக்காரன் கொடுத்த திரவத்தால் துடைத்து, துணி மாற்றித் துடைத்து, மறுபடி ஆரம்பித்தேன். தூசி வரக் கூடாது என்று கராஜ் சுவரெல்லாம் பிளாஸ்டிக் தொங்கவிட்டு, தரையை நனைத்து, புகை வெளியே போக ஜன்னலில் பெரிய ஃபேனை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். எல்லாம் சரிதான். ஜூன் முதல் வாரம், ஆற்றோரத்துக் காட்டன்வுட் மரங்கள் பஞ்சு விடுகிற நேரம் என்பதை மட்டும் மறந்துவிட்டேன். இந்த ஊரிலேயே பிறந்து அறுபத்தொன்பது வருஷம் அந்தப் பஞ்சைத் தும்மினவன் மறந்துவிட்டேன். ஃபேன் உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ளத் தள்ள, கதவிடுக்கு வழியாக ஊர்ப் பஞ்செல்லாம் உள்ளே வருகிறது. வண்டியின் ஈரக் கூரையில் வந்து ஒவ்வொன்றாக உட்காருகிறது. ஒன்றை எடுக்கப் போனால் என் விரல் ரேகை பதிகிறது. ரேகையை மறைக்கப் போனால் இன்னும் நாலு பஞ்சு. முகமூடிக்குள் நான் கத்தியது வெளியே கேட்கவில்லை என்று நினைத்தேன், கேட்டிருக்கிறது.

மார்லீன் வந்து நின்று பார்த்தாள். "கேக்குக்கு மேல தேங்காய்ப்பூ தூவின மாதிரி இருக்கு. சிலருக்குப் பிடிக்கும்."

"நான் இப்ப கேக் பண்ணலை, மார்லீன்."

"அது தெரியுது. கேக்குன்னா இந்நேரம் வெந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனாலும் விட்டேனா? கதவிடுக்கில் பழைய துண்டைச் செருகினேன். பின்பக்கம் நன்றாக வந்தது. வலப்பக்கக் கதவைப் பார்த்திருந்தால் நீயே வாயை மூடிக்கொண்டிருப்பாய், கண்ணாடி மாதிரி வந்தது. கடைசியாக ஓட்டுநர் பக்கத்துக் கதவு, கடைசி கோட், ஒரே சீராகக் கையை ஓட்டிக்கொண்டு வருகிறேன், பாதிக் கதவில் இருக்கும்போது சட்டைப் பையில் போன் அடிக்கிறது. அடித்தது யார் என்று உனக்கே தெரியும். இடது கையால் எடுத்து முகமூடியைத் தூக்கினேன்.

"என்ன டெல், இந்த வருஷமாவது ஆரம்பிச்சியா?"

"அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப கையை நிறுத்திடாதே. ஒரே இடத்துல நின்னா வழிஞ்சுடும்."

நீ சொல்லி முடிக்கும்போது என் வலது கை, ஸ்ப்ரே கன்னின் விசையை அழுத்தியபடி, ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. கதவுப் பிடிக்குக் கீழே தொடங்கி அடிவரை, மூன்று விரல் அகலத்துக்குத் திரை போட்ட மாதிரி வழிந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட நீ மதியம் மூன்று மணிக்குப் போன் பண்ணினதில்லை, அண்ணே.

ஐந்து நாள் காய்ந்தாயிற்று, பம்பரையும் விளக்கையும் திரும்ப மாட்டியாயிற்று. வழிந்தது வழிந்ததுதான். இதைப் பூங்காவுக்குக் கொண்டுவந்து உன் முன்னால் நிறுத்த எனக்குத் தெம்பில்லை. ஸ்ப்ரே கன்னையும் கம்ப்ரசரையும் ஹோமருக்குக் கொடுத்துவிடுகிறேன். டிரெய்லரைக் கொண்டுவா, ஏற்றிக்கொண்டு போ, நான் அந்த நேரம் சாலட் எடுக்கப் போய்விடுகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. அங்கே புயல் உங்கள் கூரையைப் பார்க்காமல் போகட்டும், தூண்டிலில் தட்டுக்கு அடங்காத மீன் விழட்டும், உன் முட்டியாவது நன்றாக இருக்கட்டும்.

உன் தோற்றுப்போன தம்பி,
டெல்பர்ட்

பின்குறிப்பு: தபால் முத்திரையைப் பார். நம் ஊர் முத்திரை இல்லை, இண்டியானா. வாசல் பெட்டியில் வைத்தால் மார்லீன் எடுத்துப் படிப்பாள் என்று தபால் நிலையத்துக்கே கிளம்பினேன். என் பிக்கப்புக்குக் குறுக்கே ஷெவெல் நின்றதால் அதையே எடுத்தேன். தபால் நிலையம் வந்தது, கால் பிரேக்குக்குப் போகவில்லை. ஊர் முடிந்தது. மாநிலம் முடிந்தது. இப்போது ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்று பானெட்டின் மேல் வைத்து இதை எழுதுகிறேன். எதிரே நிற்கிற ஒரு பெரியவர் வலப்பக்கக் கதவைக் குனிந்து பார்த்துவிட்டு, "யாரு அடிச்சது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். வீட்டிலா என்றார். வீட்டில்தான், முதல் தடவை என்றேன். தொப்பியை எடுத்துவிட்டார், அண்ணே. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் அவர் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் போய்விட்டார். வாய் தானாகச் சொல்லிவிட்டது: "அந்தப் பக்கம் எங்க அண்ணன் அடிச்சது. நாப்பது வருஷம் தொழில்ல இருந்தவரு." அவர் வழிசலை வெகுநேரம் பார்த்தார். "பாவம், பார்வை போயிருக்கும்" என்றார். ஆமாம் என்றேன். ஆகையால் டிரெய்லர் வேண்டாம், உன் ஸ்ப்ரே கன்னைக் கொண்டுவந்து அந்தக் கதவைச் சரிசெய். போகிற வழியில் எவன் கேட்டாலும் அந்தக் கதவு உன்னுடையது என்றுதான் சொல்லப்போகிறேன்.