டப்பாவில் மிஞ்சிய சீட்டு

புது மோட்டார் ஓடப்போகிற முதல் ஞாயிற்றுக்கிழமை. பம்ப் அறையில் பகல் முழுக்க ஒருவர் உட்கார்ந்து பிரஷர் மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யார் என்பதுதான் தகராறு.

"சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாம்" என்றார் ஓவர்சியர். எதையும் பங்கு போட்டே பேசுவதால் அவருக்குப் 'பின்னம்' என்று பெயர்.

ஆறு பேர், ஆறு சீட்டு, ஒரே மாதிரி மடிப்பு. ஆளுக்கு ஆறில் ஒன்று. பின்னத்துக்கும் உள்ளூர உதறல்தான். அந்த ஞாயிறுதான் அவருடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள். "அன்னிக்கு மட்டும் வீட்ல இல்லாம இருந்து பாருங்க" என்று மனைவி எச்சரித்திருந்தாள். ஆனால் குலுக்குகிறவனே நழுவினால் கணக்குக்கு என்ன மரியாதை?

முதலில் ஸ்டோர்கீப்பர் தனியாக வந்து மூட்டுவலி என்றார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். பாவமாக இருந்தது. பின்னம் அவருடைய சீட்டை டப்பாவிலிருந்து உருவினார். ஐந்தில் ஒன்று.

அடுத்து டைப்பிஸ்ட் அம்மா, ரகசியமாக, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றார். நாலில் ஒன்று.

இனி டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் பேச்சே கிடையாது என்று பின்னம் கறாராக அறிவித்தார். வெல்டர் ஒரு மணி நேரத்தில் சர்டிபிகேட்டோடு வந்து நின்றார். மூன்றில் ஒன்று.

பின்னம் எழுந்து மேனேஜரிடம் போய், அவரும் ஒரு சீட்டுப் போட்டால் ஊழியர்களுக்கு உற்சாகமாக இருக்கும் என்றார். மேனேஜரும் பெருந்தன்மையாகப் போட்டார். மறுபடி நாலில் ஒன்று. பின்னம் நிம்மதியாக டீ குடித்து முடிப்பதற்குள் மேனேஜருக்கு அவசர மீட்டிங் நினைவுக்கு வந்துவிட்டது.

ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்தே வந்தார்கள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே காய்ச்சல் சார். அதான் ஒரே சர்டிபிகேட்."

நாலு மணி. டப்பாவில் ஒரு சீட்டு. நியாயம் நியாயம்தான் என்று பின்னம் கண்ணை மூடிக்கொண்டு அதையும் நன்றாகக் குலுக்கி எடுத்தார். ஒன்றில் ஒன்று. மனைவியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

வாசலில் நின்ற வாட்ச்மேன் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"என்ன சார் இது? ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு விருந்துக்கு உங்களுக்குத் தெரியாம எங்க எல்லாரையும் உங்க வீட்டம்மா கூப்பிட்டிருக்காங்க. நீங்க இங்க உக்காந்துட்டா, அங்க கேக்கை யாரு வெட்டறது?"