பாஸான பிறகு படித்தவள்

"உள்ளே என்னதான் பண்றே?"

குளியலறைக் கதவு அதிர்ந்தது.

"குளிக்கிறேங்க!"

"தண்ணிச் சத்தமே கேக்கலையே?"

லீடரம்மா அவசரமாக ஷவரைத் திருகினாள். ஆபீசுக்கு உடுத்திய உடையோடு அதற்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது திருகிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மடியில் நெட்வொர்க் கேபிள், சோப்புப் பெட்டியில் கேபிள் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் தலைகள், பல்லிடுக்கில் கம்பி வரிசை சரியா என்று விளக்கெரித்துக் காட்டும் டெஸ்டர். எல்லாம் நனைந்தன. உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்த கம்பிகளின் கலர் வரிசையும் ஒழுகிப் போனது.

டெஸ்டரின் விளக்குகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக எரிந்து, சட்டென்று ஆறுக்குத் தாவின. ஒரு வாரமாக இதே தாவல்.

அலுவலகத்தில் நெட்வொர்க் பிரிவின் தலைவி என்பதால் எல்லோருக்கும் அவள் லீடரம்மா. பழைய சான்றிதழ் தேர்வில் நாலு விடையில் ஒன்றை டிக் அடித்தால் போதும். டிக் அடிப்பதில் அவள் சூரப்புலி. கம்பியைத் தொடுவதெல்லாம் கீழே இருப்பவர்கள் வேலை.

இந்த வருஷம் தேர்வையே மாற்றிவிட்டார்கள். மேஜையில் கேபிளையும், கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியையும் வைத்து, "ஓடவிட்டுக் காட்டுங்க" என்றார்கள். லீடரம்மா கேபிளை நறுக்கினாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக் கயிற்றையும் சேர்த்து நறுக்கினாள்.

ஃபெயில்.

வெளியே வந்ததும் கணவன் போன் செய்தான். "பாஸ்தானே? ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அக்கா, மாமா எல்லாரும் கேட்டுட்டிருக்காங்க!"

"பாஸ்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான். மறுநாள் மேனேஜரிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். தேர்வுக்குக் கட்டணம் கட்டியதே ஆபீஸ்தானே.

"தேர்வு என்னாச்சும்மா?"

வாய் முந்திக்கொண்டது. "பாஸ் சார்."

மேனேஜர் தன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ரொம்ப சந்தோஷம். கிளை ஆபீஸ்லேர்ந்து மூணு பேர் வர்றாங்க. அடுத்த வாரத்துலேர்ந்து தினம் காலையில அவங்களுக்கு நீங்களே கிளாஸ் எடுத்துடுங்க. எல்லாத்தையும் கையால செஞ்சு காட்டணும், என்ன?"

ஆப்பசைத்த குரங்கின் கதையாயிற்று. சொந்தக் காசில் ரகசியமாக மறுதேர்வுக்குப் பதிவு செய்தாள். பாஸானவள் வீட்டில் எதற்குப் பழகுகிறாள் என்று கணவன் கேட்பானே? அதனால்தான் குளியலறை.

ஷவரில் நனைந்த அன்று, ஈரத் தலையோடுதான் முதல் வகுப்புக்குள் நுழைந்தாள். உள்ளே மூன்று பேர்: கண்ணாடிக்காரி, வாயாடி, ஒல்லி. மூன்றாமவன் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"மேடம், மழையா?" என்றான் வாயாடி.

"பாடத்துக்கு வா."

"சரி மேடம். எட்டுக் கம்பியில எது எதுக்கு அப்புறம் எது?"

லீடரம்மா உள்ளங்கையைப் பார்த்தாள். நீலக் கறை மட்டும் இருந்தது.

"எல்லாத்தையும் நானே சொன்னா எப்படி? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

கண்ணாடிக்காரி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை. அடுத்து பச்சைன்னு தோணும், ஆனா நீலமும் வெள்ளை நீலமும் நடுவுல புகுந்துடும் மேடம். பச்சை ஆறாவதுதான். நிறைய பேர் அங்கதான் கோட்டை விடுவாங்க."

"விடுவாங்க, விடுவாங்க" என்றாள் லீடரம்மா. காது மடல் சுட்டது.

அன்று முதல் அதுவே அவள் பாடமுறை. எதைக் கேட்டாலும், "நீங்களே சொல்லுங்க!" அவர்கள் சொல்வார்கள். அவள் தலையாட்டுவாள். பிறகு குளியலறையில் செய்து பார்ப்பாள். விளக்குகள் தாவாமல் எரிந்தன.

அந்தத் தெம்பில் ஒரு நாள், "இப்ப பாருங்க!" என்று தன் கையால் செய்த கேபிளை ஸ்விட்ச்சில் சொருகினாள். மறுமுனையையும் அதே ஸ்விட்ச்சில் சொருகினாள். உள்ளே போன தகவல் வெளியேற வழியில்லாமல் அதற்குள்ளேயே சுற்றத் தொடங்கியது.

விளக்குகள் வெறி பிடித்தாற்போல் மினுங்கின. கணக்குப் பிரிவுக்காரர் கதவை இடித்துத் திறந்தார்.

"யாரு கை வெச்சது? மாடி முழுக்க நெட்வொர்க் படுத்துடுச்சு!"

"அது... நான்தான், வேணும்னே செஞ்சேன். தப்பு எங்கேன்னு இவங்க கண்டுபிடிக்கணும்."

"வேணும்னேவா? கணக்கு முடிக்கிற அன்னிக்கா?"

லீடரம்மாவுக்கு அந்த ஸ்விட்ச்சுக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. ஒல்லி எழுந்தான். பேசாமல் கேபிளின் ஒரு முனையைப் பிடுங்கினான். பேசாமல் உட்கார்ந்தான். மாடி உயிர் பெற்றது.

"சபாஷ்" என்றாள்.

மறுதேர்வன்று பல்வலி என்று லீவு போட்டாள். கேபிள் செய்தாள், ஸ்விட்ச்சை ஓடவிட்டாள், தேர்வாளர்கள் வைத்திருந்த கோளாறையும் கண்டுபிடித்தாள்.

பாஸ்!

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். லாட்டரி விழுந்தாலும் கத்த முடியாதென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"பல்லைப் பிடுங்கிட்டாங்களா?" என்றான் கணவன். "எதுக்கு இப்படி இளிக்கிறே?"

கடைசி வகுப்பு. பையில் நிஜச் சான்றிதழ் இருந்தது. ஆனாலும் அந்த மூன்று முகங்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இவர்கள் சொன்னதைக் கேட்டு அவள் கரையேறிவிட்டாள். இவர்களுக்கு அவள் என்ன சொல்லித் தந்தாள்? மாடியைப் படுக்க வைத்ததுதான்.

"நீங்க எப்பப்பா தேர்வு எழுதப் போறீங்க?" என்றாள். "நான் சரியாவே சொல்லித் தரலை. நீங்க ஃபெயிலானா அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்."

வாயாடி கண்ணாடிக்காரியைப் பார்த்தான். கண்ணாடிக்காரி மேஜையைப் பார்த்தாள்.

ஒல்லி முதன்முறையாக வாயைத் திறந்தான்.

"நாங்க மூணு பேரும் முதல் பேட்ச்லயே பாஸ் மேடம். நீங்க ஃபெயில்னு ரிசல்ட் ஆபீஸ் மெயிலுக்கு வந்த அன்னிக்கே, உங்களுக்குக் கிளாஸ் எடுக்கச் சொல்லித்தான் மேனேஜர் எங்களை அனுப்பினாரு."