பெண் பார்த்த வீட்டில் ஒரு சுழல்

பெண் பார்க்கப் போனால் பஜ்ஜி சாப்பிட வேண்டும், காபி குடிக்க வேண்டும், தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து வர வேண்டும். ஆராய்ச்சி செய்யக் கூடாது. 2005-இல் மரக்காணத்தில் நான் செய்தேன்.

பெண்ணின் அப்பாவுக்கு உப்பளம் இருந்தது. எனக்கு முடியாத பிஎச்.டி. இருந்தது. செல்வியைப் பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. அவள் அப்பாதான் என் ஆராய்ச்சியைக் கேட்டு மசியவில்லை.

"உப்புத்தண்ணியில கரண்டு விட்டு, கீழ காந்தம் வச்சா ஓடுது. இதுக்கா இத்தன வருசம்?"

"ஓடறது பெருசில்லைங்க. எதுவரைக்கும் ஒழுங்கா ஓடும், எப்போ கலையும்னு கணக்கு போடறேன்."

"எங்க, காட்டுங்க பார்ப்போம்."

என் அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். (கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.) பழைய ஸ்பீக்கர் காந்தத்தின் மேல் பீங்கான் தட்டு, அதில் உப்பளத்துத் தண்ணீர், விளிம்பில் செம்புக் கம்பி, நடுவில் ஆணி, என் பழைய பைக்கின் ஆறு வோல்ட் பேட்டரி. ஓட்டம் தெரிய வேண்டுமே என்று தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சள். யார் கையும் படாமல் தண்ணீர் அழகாக வட்டமடித்தது. செல்வி அடுக்களையிலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

அது போதாதா எனக்குத் தலைக்கேற? "ரெண்டு மடங்கு கரண்டு குடுத்தாலும் இந்த வட்டம் கலையாதுங்க!"

அவர் போய்ப் பன்னிரண்டு வோல்ட் ட்ராக்டர் பேட்டரியைக் கொண்டுவந்தார்.

வட்டம் நடுங்கியது, நெளிந்தது, குட்டிக் குட்டிச் சுழல்களாக உடைந்து ஒன்றையொன்று துரத்தியது. ஆணியருகே மஞ்சள் ரத்தச் சிவப்பானது. (மின்சாரம் அங்கே காரத்தை உண்டாக்கும், சுண்ணாம்பு பட்ட மஞ்சள் கதைதான். எனக்குத் தோன்றவே இல்லை.) மஞ்சளுக்குள் சிவப்பு இழை இழையாகச் சுற்றியது. அதுவரை காகிதத்தில் எண்ணாக மட்டுமே பார்த்ததைக் கண்ணால் பார்த்தேன். மெய் சிலிர்த்துவிட்டது. இவ்வளவு அழகையா இத்தனை நாள் வெறும் கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தேன்! செல்வியின் அப்பாவும் வாயைத் திறந்தபடி குனிந்தார். குமிழி வெடித்துத் தெறித்தது. வெள்ளை வேட்டி முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்.

"கலையாதுன்னியே!"

சம்பந்தம் போயிற்று என்று தட்டை எடுத்துக் கொட்டப் போனேன். செல்வியின் அம்மா பிடுங்கிக்கொண்டார்.

"கரைச்ச ஆரத்திய சுத்தாம கொட்டுவாங்களா தம்பி? செல்வி, அவர் பக்கத்துல வந்து நில்லு."

"நான் இன்னும் சரின்னே சொல்லலையே!" என்றார் செல்வியின் அப்பா.

"வாயப் பொளந்துக்கிட்டு பார்த்தீங்கல்ல, அது போதும்."

சுற்றிவிட்டார்.

இன்றைக்கும் மழை வராது, பஸ் கிடைத்துவிடும் என்று நான் எதையாவது அடித்துச் சொன்னால், மாமனார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்கிறார்.

"மாப்ள கணக்கு போட்டுட்டாரு. எல்லாரும் தள்ளி நில்லுங்க."